ஆட்டோவுக்குப் பேசிய குரல்

காலை ஆறு ஐம்பது. பத்தொன்பது நொடி. பெயர் உலகம்மாள்.

ஆறு ஐம்பதுக்கு எனக்கு ஃபோன் வந்தது. பத்தொன்பது நொடி அந்த வீடியோவின் நீளம். உலகம்மாள் நான்தான்.

தொண்டை இப்படிக் கரகரக்கிறதே என்று மிட்டாய் நீட்டினீர்கள் பாருங்கள், அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் திருச்செந்தூர் போகிறவர். சாமி கும்பிட்டுவிட்டு உங்கள் ஊரைப் பார்க்கப் போய்விடுவீர்கள். நான் தூத்துக்குடியில் இறங்கிவிடுவேன். அதற்குப் பிறகு நீங்கள் யாரோ, நான் யாரோ. ஆனால் அந்த ஃபோனை மட்டும் பைக்குள் போட்டுவிடுங்கள். தப்பாக நினைக்காதீர்கள். யார் கையில் ஃபோனைப் பார்த்தாலும் பேசுவது பதிவாகிறதோ என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

முன் சீட்டுக்காரர் தூங்குகிறார்தானே? சரி.

நான் தென்கரை டிவியில் செய்தி வாசிக்கிறவள். வாசித்தவள் என்று சொல்ல வேண்டுமோ என்னவோ. உள்ளூர் கேபிள் சேனல். சாயங்காலம் ஏழு மணிச் செய்தி. திரையில் படம்தான் ஓடும், என் முகம் வராது. உப்பு விலை, மீன் ஏலம், மின்தடை, யார் வீட்டில் என்ன துக்கம், எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரியும். பதினாலு வருடம் ஒரே குரல். மீன் வாங்கப் போனால் முகத்தைப் பார்த்து யாருக்கும் என்னைத் தெரியாது. "கிலோ என்ன விலை?" என்று கேட்டதும், "யக்கா, டிவி அக்காவா!" என்பார்கள்.

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஆட்டோவுக்குப் பேசுவது என்று ஒன்று உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். பிரச்சாரத்தை ஒரு தடவை பேசிப் பதிந்துவிட்டால், குழாய் வைத்த ஆட்டோ அதையே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றும். குரல் இருக்கிறவர்கள் எல்லோரும் பேசுவோம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு அறிவிப்புச் செய்கிறவர், பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார், நான். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. காலையில் ஒருவரை ஏழைகளின் தோழர் என்பேன். அரை மணி கழித்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அவரை எதிர்த்து நிற்கிறவரையும் ஏழைகளின் தோழர் என்பேன். ஏழைகளுக்கு அவ்வளவு தோழர்கள்.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. யார் பேசியது என்று யாரும் சொல்வதில்லை. கேட்பதும் இல்லை. பேசினவர் பெயரைப் பதிவுக்காரர் வெளியே விட்டார் என்றால் மறுநாள் அவர் கடைக்கு ஒருத்தரும் போக மாட்டார்கள். காலம் காலமாக அப்படித்தான்.

எங்களுக்கெல்லாம் பதிவுக்காரர் ரொமால்ட். மாதா கோயில் பக்கத்துச் சந்தில் சின்ன அறை. எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருப்பார். கதவைச் சாத்தினதும் பதிவை ஓட விட்டுவிடுவார். நாம் இருமுவது, சிரிப்பது, டீ கேட்பது எல்லாம் ஏறும். "நல்லாப் பேசினது பதிவாகாமப் போச்சுன்னா திரும்ப வராதும்மா. வெட்டுறது என் வேலை" என்பார். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

இந்தத் தடவை அவர் கொடுத்த தாளில் வாக்களிப்பீர் என்ற வார்த்தையே இல்லை. வெள்ளப்பாடு என்று எங்கள் கடற்கரையில் ஒரு குப்பம் இருக்கிறது. அங்கே மீன் இறங்குதளம் ஒன்று கட்டிப் பல வருடமாகத் திறக்காமல் கிடக்கிறது. அதைப் பற்றி. கட்டி முடித்த தளம், பூட்டிய கதவு, உள்ளே துருப்பிடிக்கும் ஐஸ் இயந்திரம், பொறுப்பில் இருந்தவர் யார்? இப்படிப் போகும்.

"என்ன அண்ணே, செய்தி மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆட்டோவுக்குத்தாம்மா. இப்பம்லாம் இப்படித்தான் எழுதுதானுவ" என்றார்.

வாசித்தேன். அந்த மாதிரி வரிகளைப் பார்த்தால் என் வாய் தானாக ஏழு மணிச் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடும். பழக்க தோஷம்.

ஆட்டோவில் போனதா? போகவே இல்லை. தாள் எழுதிக் கொடுத்த கட்சிக்கு விளம்பரம் செய்கிறவன் அதை எடுத்து, பின்னால் நீலத்தில் உலக உருண்டை சுற்ற விட்டு, கீழே எழுத்து ஓட விட்டு, பூட்டிய கேட்டைக் காட்டி, இணையத்தில் போட்டுவிட்டான். முகம் கிடையாது. குரல் மட்டும். பார்க்கிறவனுக்கு அது தென்கரை டிவி செய்தி.

கட்சி பெயரெல்லாம் வேண்டாம். பஸ்ஸில் எத்தனை காது என்று யாருக்குத் தெரியும்?

ஆறு ஐம்பதுக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். சேனல் முதலாளி. சண்முகவடிவேல் அண்ணாச்சி.

"ஏ உலகம்மா, எந்திச்சிட்டியா?"

"எந்திச்சிட்டேன் அண்ணாச்சி."

"ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன், பாரு. அதுல பேசுதது நீயா?"

பார்த்தேன். என் குரலேதான். செய்தி வாசிக்கிறவர்கள் எந்தக் கட்சிக்கும் பேசக் கூடாது என்பது சேனலில் சேரும்போதே எழுதி வாங்கிய விஷயம். நான் ஆட்டோவுக்குப் பேசுவது அண்ணாச்சிக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியாத மாதிரி இருப்பார். ஆட்டோ தெருவோடு போய்விடும். இது போகுமா?

"நான் இல்ல அண்ணாச்சி" என்றேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் கேட்டது என்ன? அந்த வீடியோவில் பேசியது நீயா என்று. நான் வீடியோவுக்குப் பேசவே இல்லையே. ஆட்டோவுக்குத்தானே பேசினேன். அப்படிப் பார்த்தால் நான் சொன்னது பொய் இல்லை.

அண்ணாச்சி வீடியோவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு, "அப்பம் கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்கானுவ. செத்தானுவ இன்னைக்கு" என்றார்.

கம்ப்யூட்டர் என்று நான் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானத்துக்குள் மூன்று இடத்துக்குப் புகார் போய்விட்டது. வீடியோவைப் போட்டிருக்கிற இணைய கம்பெனிக்கு, தேர்தல் விளம்பரங்களைக் கண்காணிக்கிற குழுவுக்கு, போலீஸுக்கு. மறுநாள் பழைய பேருந்து நிலையத்துக்கு முன்னால் பத்திரிகையாளர் ஆர்ப்பாட்டம். சங்கத் தலைவர் தாவூது அண்ணன் மைக்கைப் பிடித்து, "எங்கள் குரலைத் திருடாதே!" என்று ஆரம்பித்தார். என்னை நடுவில் நிறுத்திச் சால்வை போட்டார்கள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சால்வைக்குள் எனக்குக் குளிர் எடுத்தது.

சென்னையிலிருந்து வந்த டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள். "உங்க குரலையே திருடிட்டாங்க. எப்படி இருக்கு மேடம்?"

"பயமா இருக்கு" என்றேன்.

அதை நாள் முழுக்கப் போட்டார்கள். அன்று நான் சொன்னதில் அது சத்தியமான வார்த்தை.

வீடியோ போய்விட்டது. நீக்கிவிட்டார்கள். உடனே அந்தக் கட்சி அதே இடத்தில் ஒரு கறுப்புத் திரையைப் போட்டு, தணிக்கை என்று எழுதியது. மீனவன் கேள்வி கேட்டால் வாயைப் பொத்துகிறார்கள் என்று அவர்கள் பேச்சாளர் டிவியில் கத்தினார். அண்ணாச்சியும் விடவில்லை. "நாங்க கருத்தை நீக்கல, களவைத்தான் நீக்கினோம்" என்றார். இரண்டு பக்கமும் கைதட்டல். நடுவில் நான். சாயங்காலம் வேலை முடிந்து நடந்து வந்தால் பைக்கில் இரண்டு பேர் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வருவார்கள். "யக்கா, ஒரு செய்தி வாசிங்களேன். கேட்டு நாளாச்சு." சிரிப்பு. எந்தக் கட்சிப் பையன்கள் என்றுகூடத் தெரியவில்லை. தெரிந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

பிறகு அண்ணாச்சி ஒரு தாளைக் கொண்டுவந்தார். என் குரல் இணையத்தில் எங்கே வந்தாலும் சேனல் அதை நீக்கச் சொல்லலாம், எனக்குச் சம்மதம் என்று. "உன் பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன். குரலை அடையாளம் கண்டு தேடுகிற ஏற்பாடு ஏதோ அந்தக் கம்பெனியிலேயே இருக்கிறதாம். மனுஷன் உட்கார்ந்து கேட்பதில்லை. அது பாட்டுக்குத் தேடும், அது பாட்டுக்கு எடுக்கும்.

எடுத்தது. கல்யாண மண்டபத்துக்கு நான் பேசிய விளம்பரம் போயிற்று. ஒரு பிள்ளையின் ஆபரேஷனுக்கு உதவி கேட்டுப் பேசியது போயிற்று. வெள்ளப்பாட்டு ஆட்கள் அந்தத் தளத்தின் கேட்டுக்கு முன்னால் நின்று அவர்களாக எடுத்துப் போட்ட வீடியோக்கள் போயின. அவர்கள் எல்லோருமே பின்னணியில் என் குரலை ஓட விட்டிருந்தார்கள். ஒரு நாள் மீன் மார்க்கெட்டில் ஒரு வயசான ஆள் என்னை நிறுத்தினார். "யம்மா, புயலுக்கு முன்ன எல்லாரும் கரைக்கு வாங்கன்னு பேசினீயள்லா, அதை ஃபோன்ல அடிக்கடி போட்டுக் கேப்பேன். காணலையே?" என்றார். அதற்கு நான் என்ன செய்ய? மெஷின் எடுக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் நான் வாசித்தது ஒன்றும் பொய் இல்லை. தளம் பூட்டித்தான் கிடக்கிறது. இப்போது இணையத்தில் தேடினால் வெள்ளப்பாடு இறங்குதளம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. அதைப் பற்றி அண்ணாச்சிக்கும் கவலை இல்லை, அந்தக் கட்சிக்கும் கவலை இல்லை.

போலீஸ் விளம்பரக்காரனைப் பிடித்தார்கள். அவன் ரொமால்ட்டைக் கை காட்டினான். ரொமால்ட்டின் கடையைப் போலீஸ் பூட்டிச் சீல் வைத்து, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, அவரையும் கூட்டிப் போனார்கள். கம்ப்யூட்டரில் செய்த போலிக் குரலா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நெசமான குரல்தான் சார்" என்றிருக்கிறார்.

"யாருது?"

வாயைத் திறக்கவில்லை. எத்தனை தடவை கேட்டும் திறக்கவில்லை. ஆட்டோவுக்குப் பேசினவர் பெயரைச் சொல்வதில்லை, அவ்வளவுதான் அவருக்கு. போலீஸுக்கு அது எப்படித் தெரியும்? பெயர் இல்லை என்றால் ஆள் இல்லை, ஆள் இல்லை என்றால் குரல் கம்ப்யூட்டர் செய்தது. அவர் வாயை மூட மூட வழக்கு பலமாகிக்கொண்டே போயிற்று.

நான் சொல்லாதே என்று சொன்னேனா? இல்லையே. அவராகச் சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவர் விருப்பம். சொல்லியிருந்தால் என் கதி என்ன என்றும் நினைத்துப் பாருங்கள். சால்வை போட்ட கையாலேயே அடிப்பார்கள். தாவூது அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அண்ணாச்சியைப் பார்த்து எத்தனை பேர் சிரிப்பார்கள்? தனியாக இருக்கிறவள். எனக்கு யார் இருக்கிறார்கள்?

அருப்புக்கோட்டையா இது? இன்னும் நேரம் இருக்கிறது.

ரொமால்ட் வீட்டுக்காரி பிலோமி ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவரு சொல்ல மாட்டேங்காரு யக்கா. நீங்க சொல்லுங்க."

"என்னத்த சொல்ல?"

"நாந்தான் பேசினேன்னு. ஒரு வார்த்தை. அவரு வீட்டுக்கு வந்துருவாரு."

"மெதுவாப் பேசு பிலோமி. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டுமே. உங்க குரல் ஊருக்கே கேக்கும், என் குரல் பக்கத்து வீட்டுக்காவது கேக்கட்டும்."

இப்படித்தான் பேசுவாள். வெடுக்கென்று. நானும் சொன்னேன், "எனக்கும் பயமா இருக்கு பிலோமி" என்று.

"தெரியும் யக்கா. டிவியில சொன்னீங்களே, பாத்தேன். அவருதான் பாத்திருக்க மாட்டாரு. லாக்கப்புல டிவி கிடையாதாம்."

பிறகு ஃபோனை எடுத்தாள். கம்ப்யூட்டரில் வெட்டினது மட்டும்தான் இருக்குமாம், முழுப் பதிவையும் பத்திரத்துக்காக ரொமால்ட் அவள் ஃபோனுக்கு அனுப்பி வைப்பாராம். எனக்குத் தெரியாது. போட்டுக் காட்டினாள். கதவு சாத்துகிற சத்தம். நான் சிரிக்கிறேன். "அண்ணே, ஒரு டீ சொல்லுங்க. ஏலக்காய் வேண்டாம், தொண்டை கட்டும்" என்கிறேன். இருமுகிறேன். பிறகு இறங்குதளம். முழுசாக. ஓடிப் போய் அந்த ஃபோனைக் கையால் பொத்தினேன்.

"இதைப் போட்டுராத பிலோமி."

"நாளைக்கு வரைக்கும் பாப்பேன். நீங்களாச் சொன்னா மரியாதை."

இதற்கு என்ன பெயர்? மிரட்டல்தானே? வீட்டுக்கே வந்து மிரட்டுகிறாள். ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். ரொமால்ட் வீட்டுக்காரி வந்தாள், கையில் இன்னொன்று வைத்திருக்கிறாள், இருமல் சிரிப்பு எல்லாம் வைத்து, என்றேன்.

"இன்னொரு போலியா?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். பயத்தில் வாயில் வந்ததுதான்.

அவள் சாயங்காலம் போட்டாள். ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. எடுத்துவிட்டார்கள், அவள் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். அதற்குள் கேட்டவர்கள் கேட்டார்கள். யாராவது ஒருத்தர், இது உலகம்மாளேதான் என்று சொல்வார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை. ஆபீஸில் எடிட்டிங் செய்கிற பையன் வந்து, "யக்கா, இருமலைக்கூடச் செஞ்சிருக்கானுவ பாருங்க. டீக்கு ஏலக்காய் வேண்டாம்னு நீங்க சொல்லுத மாதிரியே! என்னா மூளை!" என்றான். எல்லோரும் வியந்தார்கள். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது, அது நான் இல்லையோ என்று. சிரிக்காதீர்கள். நம் குரலை நாமே கேட்டு, இது யார் என்று நினைக்கிறது மாதிரி ஒரு பயம் வேறு கிடையாது.

அன்று ஏழு மணிச் செய்தியில் அதுவும் இருந்தது. போலிக் குரல் வழக்கில் மேலும் ஒரு பதிவு நீக்கம். நான்தான் வாசிக்க வேண்டும். போலி என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன், வேறு யாரோ வாசிக்கிற மாதிரி வந்தது. அன்றையிலிருந்து இப்படித்தான். கரகரப்பு, நடுவில் உடைகிறது. அண்ணாச்சி கோபப்படவில்லை. "அதிர்ச்சியில இருக்கா, பாவம்" என்று சொல்லி ஏழு மணிக்கு வேறு பெண்ணைப் போட்டார்.

ஜூன் மாதம் குரல் மாதிரி கொடுக்க ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனார்கள். இன்ஸ்பெக்டர் தங்கமான ஆள். "பயப்படாதீங்கம்மா. உங்க குரலை உங்களுக்கே மீட்டுக் குடுக்கத்தான் இதெல்லாம்" என்றார். உள்ளே ஒரு பெண், அதே வரிகளைத் தாளில் கொடுத்தாள். கட்டி முடித்த தளம். பூட்டிய கதவு. வாசித்தேன்.

"இயல்பாப் பேசுங்கம்மா" என்றாள்.

"இதுதாம்மா என் இயல்பு."

மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். மறுபடியும் அதே கரகரப்பு. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் மாற்றவில்லை. வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. வந்ததைப் பேசினேன். பயந்த தொண்டையிலிருந்து என்ன வருமோ அதுதானே வரும்? அங்கே வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. அந்தப் பெண் கேட்டது வாசிக்கச் சொல்லித்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பதை விடுங்கள். இறங்குதளம் பூட்டித்தான் கிடக்கிறது.

ரொமால்ட் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். கடைச் சீல் எடுக்கவில்லை. பிலோமி ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அவரை ஒரு நாள் காய்கறிக் கடையில் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், பழைய மாதிரியே, "வாம்மா" என்கிற மாதிரி. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். பையைக் கடையிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

இன்றைக்கு மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா. நரம்பு நல்லா இருக்கு. எதுக்கோ பயந்திருக்கீங்க. தன்னால சரியாயிரும்" என்றார்.

"எப்போ சரியாகும் டாக்டர்?"

"ஏன், அவசரமா?" என்று சிரித்தார்.

அவசரம் எந்தப் பக்கத்துக்கு என்று அவரிடம் சொல்ல முடியுமா? கோர்ட்டில் கூண்டில் நிற்கும்போது பழைய குரல் வந்துவிட்டால்? ஜட்ஜும் தூத்துக்குடியில்தானே இருக்கிறார், ஏழு மணிக்கு டிவி பார்க்காமலா இருப்பார்? உங்கள் மிட்டாயை அதனால்தான் வாயில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தாருங்கள், வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். இதில் நான் செய்த தப்பு என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். பேசச் சொன்னார்கள், பேசினேன். இல்லை என்று ஒரு தடவை சொன்னேன், மற்றதெல்லாம் மற்றவர்கள் செய்தது. அண்ணாச்சி கம்ப்யூட்டர் என்றார். கம்பெனி எடுத்தது. ரொமால்ட் வாயை மூடிக்கொண்டார். இத்தனை பேரில் பயந்துகொண்டே இருக்கிறவள் நான் ஒருத்திதான்.

ஆய்வக அறிக்கை ஜூலை ஒன்பதாம் தேதி வந்தது. வீடியோவில் உள்ள குரலும் உலகம்மாள் கொடுத்த மாதிரியும் ஒருவருடையவை அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். ஜூலை இருபத்திரண்டாம் தேதி ரொமால்ட் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. சாட்சிகளில் முதல் பெயர் என்னுடையது.